பந்து எங்கள் கையில் இருக்கும்போது

யோகமலருக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை; அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான் இது. ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் கிழக்கு லண்டனுக்குப் போனவள். ஆங்கிலம் வராமல் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் ஊமையாக உட்கார்ந்திருந்ததற்கு, பிறகு வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்குவதற்குள் அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தொண்டைக்குச் சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. கிழக்கு லண்டனில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம். இந்த வருடம் கீழ்ப்பிரிவுக்கு விழுந்துவிடுவோம் என்று ஒவ்வொரு வருடமும் பயம் காட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் தப்பிப் பிழைக்கிற கழகம். அதன் வடக்குப் பக்கத்துப் படிகளில் அப்பாவோடு நிற்கத் தொடங்கியவள், அப்பா போன பிறகும் அதே படியில் நின்றாள். அங்கே பார்வையாளருக்கு ஒரே ஒரு வேலைதான். தங்கள் பிள்ளைகளின் காலில் பந்து வந்ததும் தொண்டை கிழியப் பாட வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. எதிரணிக்காரன் பந்தை வைத்திருக்கும்போது வேண்டுமானால் தேத்தண்ணீர் குடிக்கலாம்.

முதல் கலியாணம் சரிவரவில்லை. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நாமும் விட்டுவிடுவோம். நாற்பத்தைந்து தாண்டி, இனித் தனக்கென்று ஒன்றும் இல்லை என்று இருந்தவளுக்கு, லண்டனில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குலசிங்கம் எதிரே வந்து இருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர். சாப்பாடு முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் அவள் கதைத்ததை எல்லாம் கேட்டார். கை கழுவப் போகும்போது மட்டும் சொன்னார்.

"நீங்கள் கதைக்கிறது கேக்க நல்லா இருக்கு."

பிறந்து வளர்ந்த நாளிலிருந்து "கொஞ்சம் வாயை மூடு" என்பதைத்தான் அவள் விதம்விதமாகக் கேட்டிருக்கிறாள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு வரிக்காகவே அவரைக் கட்டினாள் என்று அவளுடைய தங்கை இன்றைக்கும் பகிடி பண்ணுவாள். யோகமலர் மறுப்பதில்லை. அவளுக்கு அந்த மனிதரிடம் நன்றி இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

வசந்தத்தில் கலியாணம் முடித்து ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். நகரத்துக்கு வெளியே தள்ளியிருக்கிற ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய வீடு. கடைக்குப் போவதென்றாலும் கார் வேண்டும். குலசிங்கத்துக்கு மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. போக ஒரு மணித்தியாலம், வர அதற்கும் மேலே. அவளுக்கும் மோர்னிங்சைட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. கதைக்கிறதுக்குச் சம்பளம் தருகிற வேலை என்று மகிழ்ந்துபோனாள். வீட்டில்தான் சங்கடம். அந்த வீட்டில் சத்தம் போடுவது இரண்டே சாமான்கள்: ஒன்று குளிர்சாதனப் பெட்டி, மற்றது கராஜ் கதவு.

குலசிங்கத்தின் மகன் கீதனுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், வீட்டிலிருந்தே போய்வருகிறான். கதவு நிலையை நிறைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. உள்ளே ஒரு கூச்சக்காரப் பையன். "ஓம் அன்ரி." "இல்லை அன்ரி." "தாங்ஸ் அன்ரி." இவ்வளவுதான் அவன் அவளோடு பேசிய பேச்சு. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சண்டை பிடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்குத் தாயாக வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருக்கவில்லை; அந்த இடம் அவளுடையது அல்ல என்று தெரியும். ஒரு வீட்டில் இருக்கிற இரண்டு பேர் கதைத்துக்கொள்வது போல அவன் தன்னோடு கதைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள், அதுவும் கடவுளிடம்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. "தம்பி புட்போல் விளையாடுறவன்" என்று குலசிங்கம் லண்டனிலேயே சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அவள் துள்ளிக் குதித்துத் தன் கழகத்துச் சால்வையை முதல் சாமானாகப் பெட்டியில் வைத்தாள். வந்து பார்த்தால் அது வேறு புட்போல். அவள் பார்த்து வளர்ந்த உதைபந்தாட்டத்துக்கு இங்கே பெயர் 'சொக்கர்'. இவர்களுடையதில் பந்து முட்டை வடிவம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள். காலால் உதைப்பது நேர்த்திக்கடன் மாதிரி எப்போதாவது ஒருக்கால். மூன்று முயற்சிக்குள் குறித்த தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் சோர்ந்துபோகவில்லை. இணையத்தில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டின்போது சந்தேகம் கேட்டாள். "ஓம் அன்ரி," "இல்லை அன்ரி" என்ற பதில்களிலேயே பாதி விதிகளைப் பிடித்துக்கொண்டாள். பந்து எறிகிற பையனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து பேரில் கீதன் ஒருவன் என்பது அப்படித்தான் தெரிந்தது. அவன் கையில் பந்து வரவே வராது. அவன் வேலை, வருகிற தடியன்களை மறித்து முட்டுக்கொடுப்பது. ஒலிபெருக்கியில் அவனுடைய பெயரை யாரும் சொல்வதில்லை.

இது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. லண்டனில் பந்து பொறுக்கிப் போடுகிறவனுக்குக்கூடப் பாட்டுக் கட்டியவர்கள் அவர்கள். இந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டு இல்லையா? சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கட்டினாள். "கீதன், எங்கட கீதன், மலையைத் தள்ளு கீதன்." மெட்டு அவளுடைய பழைய படிக்கட்டு மெட்டு. எல்லா விதியையும் தேடிப் படித்தவளுக்கு, எப்போது பாட வேண்டும் என்று தேடத் தோன்றவில்லை. அது தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டெம்பரில் முதல் ஆட்டம். சின்ன மைதானம், ஒரு பக்கம் மட்டும் படிவரிசை. பெற்றோரும் நண்பர்களுமாகச் சில நூறு பேர். யோகமலர் சால்வையோடு குலசிங்கத்தின் பக்கத்தில் இருந்தாள். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எதிரணியிடம் பந்து இருக்கும்போது இந்தச் சனம் படிவரிசைத் தகரத்தைத் தட்டிக் காலை உதைத்துக் கூச்சல் போடுகிறது. தங்கள் பிள்ளைகளிடம் பந்து வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. வந்த விருந்தாளியை ஏசத் தெரிகிறது, வீட்டுப் பிள்ளையை வாழ்த்தத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

கடைசிக் கட்டம் வந்தது. கீதனின் பக்கம் மூன்று புள்ளி பின்னே நின்றது. மூன்றாவது முயற்சி, இரண்டு எட்டு வைத்தால் போதும், பிறகு புள்ளி தருகிற கோடு கிட்ட. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். யோகமலரின் கண்ணுக்கு அது கைவிட்டுவிட்ட சனமாகத் தெரிந்தது. மனம் கேட்கவில்லை. எழுந்து நின்றாள், பாடினாள்.

கீதன் அசைந்துவிட்டான். பந்து எறிகிற பையன் குரல் கொடுத்த பிறகுதான் அந்தச் சுவர் அசையலாம். அந்தக் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்திருந்தவனின் காதில் தன் சொந்தப் பெயர் வந்து விழுந்தால் என்ன செய்வான்? நடுவரின் கொடி நிலத்தில் விழுந்தது. தண்டனையாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். படியில் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. பாவம், அவள் அதை ரசிப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது வரியை இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினாள். குலசிங்கம் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அடுத்த முயற்சி தவறிப்போனது, ஆட்டமும் போயிற்று.

என்ன நடந்தது என்று அவர் காதுக்குள் சொன்னபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமே."

"உமக்குத் தெரியுமெண்டு நினைச்சன், மலர். புட்போலெல்லாம் பாத்து வளந்தனீர்தானே."

கீதன் உடுப்பு மாற்றிக்கொண்டு காருக்கு வந்தான். பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். கார் வீட்டு வாசலில் நின்றது. இறங்குகிற நேரம் சொன்னான்.

"அன்ரி, உங்களில எனக்குக் கோபமில்லை. சீரியஸ்லி. ஆனா ப்ளீஸ், இனி மட்சுக்கு வராதேங்கோ."

அதுவரை அவன் அவளோடு பேசியதில் அதுதான் ஆக நீளமான பேச்சு.

அவள் போகவில்லை. சனிக்கிழமைகளில் கிளினிக்கில் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டைப் பரிமாறினாள், கோப்பையைக் கழுவினாள், படுத்தாள். கீதனிடம் போக அவளுக்கு இருந்த ஒரே பாலம் அந்த ஆட்டம். அதைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டதாக நினைத்தாள். ஒருநாள் குலசிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வீடு பழையபடி போச்சு. நீர் கதையும்" என்றார். அவளுக்கு அழுகை வந்ததே தவிரக் கதை வரவில்லை.

ஒக்ரோபரில் ஒருநாள் கீதனின் கார் பழுதாகி, தகப்பனும் வேலையில் நின்றதால், பயிற்சிக்கு அவள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவனை இறக்கிவிட்டுத் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே இருந்தாள். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், கையில் ஒரு பிளாஸ்க். பந்து எறிகிற பையனின் தகப்பன், பெயர் மரியோ. பெற்றோர் இத்தாலியர், அவர் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரத்தில். வாயைத் திறந்ததும் அவளுக்குத் தான் விட்டுவந்த இங்கிலாந்தின் பேச்சுக் கேட்டது. அவர் மகனின் குரலைத்தானே தன் பாட்டு அமுக்கிவிட்டது என்று ஏச்சு வாங்க ஆயத்தமானாள்.

அவர் ஏசுவதற்கு வரவில்லை. பாட்டுப் பாடுகிற அம்மா எங்கே, காணவில்லையே என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பால் விட்ட தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். லண்டனை விட்ட பிறகு அவள் வெளியில் குடித்த முதலாவது உருப்படியான தேத்தண்ணீர் அது. அவரும் வந்த புதிதில் இதையே செய்தாராம். மகன் சின்னவனாக விளையாடிய காலத்தில், அவன் கையில் பந்து வரும்போதெல்லாம் கத்தி, பயிற்சியாளர் அவரை வேலிக்கு அப்பால் போய் நிற்கச் சொல்லிவிட்டாராம். நம் நாட்டுக்காரர் எல்லோரும் செய்கிற பிழை இது, என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: பிள்ளைகளின் கையில் பந்து இருக்கும்போது இந்தச் சனம் பேசாமல் இருப்பது அக்கறை இல்லாமல் அல்ல. அவர்கள் ஒருவரையொருவர் கேட்கட்டும் என்று இடம் விடுகிறார்கள். எதிராளியிடம் பந்து போனதும் பாருங்கள், அப்போதுதான் நம் தொண்டைக்கு வேலை.

சொந்த மைதானத்தில் நடக்கிற கடைசி ஆட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது கீதன் வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். யோகமலர் காரை ஓட்டிக்கொண்டே அந்த வீட்டை நினைத்தாள். அவள் வந்த முதல் வாரம், நேர மாற்றத்தில் பகலெல்லாம் தூங்கினாள். அந்த வாரம் முழுக்க இந்த மலை போன்ற பையன் படிகளில் விரல்நுனியால் நடந்தான். குசினி அலமாரியில் அவளுக்கென்று இரண்டு தட்டு காலியாக இருந்தது. யார் ஒதுக்கினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் கலியாணத்தைப் பற்றித் தகப்பனும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவள் பாராமுகம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவர்கள் அவளுக்கு இடம் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தன்னுடைய சத்தத்தில் அது தனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இந்த இரண்டு பேரிலும் நன்றி நன்றியாகவும் வந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்லப் பார்த்தாள், பிறகு சொல்லாமல் ஓட்டினாள்.

நவெம்பரில் அந்தக் கடைசி ஆட்டம். காலையிலிருந்தே மழைத் தூறல். வராதேங்கோ என்று அவன் சொன்னது அவளுடைய மனதில் அப்படியே இருந்தது. மரியோ சொன்னதும் இருந்தது. கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தாள். குலசிங்கத்தை வழக்கமான இடத்தில் இருக்கவிட்டு, தான் படிவரிசையின் அடுத்த கோடியில், எதிரணிப் பெற்றோருக்கு மத்தியில் போய், தொப்பியை இழுத்துவிட்டு இருந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் நம்முடையவர்களைப் பாட யாருக்கும் மனம் வராது. அது தனக்கு ஒரு காவல் என்று நினைத்தாள்.

பக்கத்தில் இருந்த பெண் போர்வையில் பாதியைக் கொடுத்து, உங்கள் பிள்ளை எது என்று கேட்டாள். யோகமலர் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினாள். பிறகு கையைக் காட்டி, எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெரிய பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், போர்வையைத் திருப்பி எடுக்கவில்லை.

ஆட்டம் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. கீதன் குனிந்து நின்றபோதெல்லாம் கையைக் கோர்த்துக்கொண்டு பார்த்தாள். பாடாமல் பார்க்கும்போது நிறையத் தெரிந்தது. பந்து எறிகிற பையன் குரல் கொடுக்க முன்னம் கீதன் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஏதோ சொல்கிறான். ஒவ்வொரு முறையும் சொல்கிறான், அவனும் தலையாட்டுகிறான். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கே மற்ற நாலு பேரோடும் ஓயாமல் கதைத்துக்கொண்டு நிற்கிறான் என்று கண்டபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நிமிடங்களில் கீதனின் அணி இரண்டு புள்ளி முன்னே நின்றது. பந்து எதிரணியின் கையில். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டை நெருங்கினார்கள். இப்போதுதான் கீதனின் பக்கத்துச் சனம் கூச்சல் போட வேண்டும். மழைக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். மரியோவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. கீதன் ஓரத்தில் ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் இருந்தான். பந்து தங்கள் பக்கம் இருக்கும்போது மட்டும் இறங்குகிறவன் அவன்; அவனுடைய வேலை முடிந்துவிட்டது. அவன் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேலி ஓரமாக நடந்து வந்தான். வாங்கைத் தாண்டி, தகப்பனைத் தாண்டி, எதிரணிச் சனத்துக்கு முன்னால் வந்து நின்றான். யோகமலர் தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள்.

"அன்ரி."

"மன்னிச்சுக்கொள்ளு தம்பி. நான் ஒண்டும் சத்தம் போடேல்லை. இப்ப போறன்."

"தெரியும். முதல்லயே கண்டனான்." அவன் முகமெல்லாம் மழை. "இப்ப போடுங்கோ. அங்க ஒருத்தரும் கத்துறேல்லை. உங்களால ஏலும்."

"உண்மையாவோ?"

"ஓம். நல்லாக் கத்துங்கோ."

அவள் எழுந்தாள். இந்த முறை பாட்டுமில்லை, சொல்லுமில்லை. லண்டனில் இவ்வளவு காலமும் ஒரு பக்கம் மட்டும் பாடியவள் இப்போது மறுபக்கத்துக்கு வைத்தாள் ஒரு கூச்சல். போர்வைக்காரப் பெண் காதைப் பொத்தினாள். அந்தக் கோடியில் குலசிங்கம் எழுந்து நின்றார். தன் பிள்ளையின் பெயரைக்கூடச் சத்தமாகக் கூப்பிட்டு அறியாத மனிதர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து தகரத்தைத் தட்டத் தொடங்கினார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் கத்தினாள், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பக் கத்தினாள்.

எதிரணி அதையும் மீறிப் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. ஒரு புள்ளியால் தோற்றார்கள். போர்வைக்காரப் பெண் வெற்றிக் களிப்பில் யோகமலரைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழும்பியபோது யோகமலருக்குக் குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. குலசிங்கம் வேலைக்குப் போகுமுன் கொத்தமல்லி அவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் குசினி மேசையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கீதன் இறங்கி வந்தான். வழக்கமாகச் சாப்பாட்டை மேலே எடுத்துக்கொண்டு போகிறவன், எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"தொண்டை எப்பிடி அன்ரி?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் சிரித்தான். பாணில் பட்டர் பூசினான், பூசி முடித்தான், இன்னொன்றுக்குப் பூசினான். அவள் ஒன்றும் கேட்கவில்லை; கேட்க முடியவில்லை. பிறகு அவன் தானாகக் கதைக்கத் தொடங்கினான். இரண்டாவது பகுதியில் தன்னை மறித்த தடியன் எப்படிப்பட்டவன், மரியோவின் மகனுக்குத் தோளில் என்ன நோவு, பயிற்சியாளர் கடைசியில் என்ன பிழை விட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். இடைக்கிடை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்தான். குரல் இருந்திருந்தால் அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் பத்துக் கேள்வி கேட்டு அவனைத் திணறடித்திருப்பாள். தொண்டை போனதற்கு அவள் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"அம்மா ஒருக்காலும் பாக்க மாட்டா," என்றான் கீதன், பாணைப் பார்த்துக்கொண்டே. "பாத்தா எனக்கு அடிபடும் எண்டு பயம். ஹைஸ்கூல்ல விளையாடேக்க வருவா, ஆனா காருக்குள்ளதான் இருப்பா. கண்ணை மூடிக்கொண்டு. முடிஞ்சாப் பிறகு வந்து என்ர கையைக் காலைத் தடவிப் பாப்பா."

தாயைப் பற்றி அவன் அவளிடம் சொன்ன முதல் பேச்சு அது. யோகமலர் கோப்பையை மேசையில் வைத்தாள். அவனுடைய முழங்கையில் நேற்று உரசிய காயம் காய்ந்து கிடந்தது. அவள் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கையை எடுக்காமல் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.